டிசம்பர் விடுமுறைக்கு வைத்திருந்த பற்கள்

என் தந்தை நாகநாதனுக்கு மேல்வாயில் சொந்தப் பல் ஒன்றும் இல்லை. கீழ்வாயில் எல்லாப் பற்களும் இருந்தன. ஜப்பானியர் பினாங்குக்குள் வந்தபோது அவருடைய வாய் இப்படிப் பாதி வேலை முடிந்த நிலையில் இருந்தது. மீதிப் பாதியை முடிக்க அவர் பட்ட பாடுதான் அவருடைய கடைசி ஆண்டுகள்.

மகளாகிய நான் அவரை ஐயா என்று அழைத்தேன். யாழ்ப்பாணத்து வீடுகளில் அப்போது அதுதான் வழக்கம். மானிப்பாயில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கப்பலேறி மலாயாவுக்கு வந்து, ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தரானார். எங்கள் ஆட்களுக்கு அவர் கிளாக்கர் நாகநாதன். பள்ளிவாசல் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களுக்குக் கிராணியார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைக் கோட்டு. எஃகு முள் வைத்த பேனாக்கள் வீட்டு மேசையில் ஒரே கோட்டில் கிடக்கும். ஒன்றை யாராவது நகர்த்தினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அவருடைய அண்ணன் ஆனந்தராஜா தைப்பிங்கில் எழுத்தராக இருந்தவர். ஒரு நாள் அலுவலக மேசையிலேயே சரிந்தார். ஒரு பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. அதன்பின் நெடுநாள் கட்டிலில் கிடந்தார். வாயிலிருந்து வந்ததெல்லாம் ஒரே ஓசை. பசிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். நாங்கள் பார்க்கப் போயிருந்தோம். பெரியம்மா துவாயால் அவர் கடைவாயைத் துடைத்துக்கொண்டே எங்களோடு பேசினார். ஐயா அந்தத் துவாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் அம்மாவிடம் சொன்னார்: "ஞானம், சாகிறதுக்கு எனக்குப் பயமில்லை. இப்பிடி வாய் பேசாமல் கிடக்கிறதுதான் எனக்கு வரக்கூடாது."

ஒரு வருடத்துக்குள் அவருக்கே தலைவலி தொடங்கியது. பிடரியில் பிடித்து நெற்றிக்கு ஏறும். மூக்கில் இரத்தம் வடிந்தது. வெள்ளைக்கார மருத்துவர் ஒருவரிடம் போனார். அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அளந்தார். அழுத்தம் மிக அதிகம் என்றார். பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். ஈறுகள் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தன. விரலால் அழுத்தியதும் சீழ் வந்தது. இந்தச் சீழ்தான் இரத்தத்தில் கலந்து அழுத்தத்தை ஏற்றுகிறது, பற்கள் அனைத்தையும் எடுத்துவிட வேண்டும் என்றார்.

அந்தக் காலத்தில் மேல்நாட்டு மருத்துவர் பலர் இப்படித்தான் நம்பினார்கள். மூட்டுவலி, இருதய நோய், மனநோய் எல்லாவற்றுக்கும் பல்லைப் பிடுங்கினார்கள். இரத்த அழுத்தத்தை இறக்க உருப்படியான மருந்தும் அப்போது இல்லை. உறக்க மாத்திரை கொடுப்பார்கள், ஓய்வெடு என்பார்கள், உப்பைக் குறை என்பார்கள். அவ்வளவுதான்.

ஐயா மருத்துவர் சொன்னதை அப்படியே ஏற்றார். ஆனால் நாளை அவரே முடிவுசெய்தார். மேல்வரிசையை 1940 டிசம்பரில் எடுப்பது, கீழ்வரிசையை அடுத்த டிசம்பரில் எடுப்பது. கிறிஸ்மசுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் அலுவலகம் அனேகமாக மூடியிருக்கும். அந்த நாட்களில் வாய் ஆறிவிடும், விடுப்பு எடுக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சருங்கோ, பிடுங்கிறதெண்டால் ஒரேயடியாப் பிடுங்குங்கோவன். இதென்ன, தவணை முறையிலையோ?"

"ரெண்டையும் ஒண்டாச் செய்தால் ஒரு மாதம் சிக் லீவு போடவேணும். என்ர ஃபைலிலை இண்டைவரைக்கும் ஒரு சிக் லீவும் இல்லை. பெரிய கிளாக்கர் போஸ்டுக்கு ஆள் எடுக்கேக்கை அதைத்தான் முதல் பாப்பினம்."

"அப்ப வருத்தம் உங்களுக்கோ, உங்கட ஃபைலுக்கோ?"

நோயைவிட ஃபைலைப் பெரிதாக நினைத்தவர் ஐயா மட்டும் இல்லை. எங்கள் ஆட்களில் பலர் காய்ச்சலோடு அலுவலகம் போய் மேசையில் தலைவைத்துப் படுத்திருந்துவிட்டு வருவார்கள். விடுப்பு இல்லாத சேவை என்பது கல்யாணப் பேச்சில் சொல்லிக்கொள்ளும் பெருமை.

மேல்வரிசை போனது. கட்டுப்பல் வந்தது. இளஞ்சிவப்பு ஈறு, வெண்மையான வரிசை. கண்ணாடிமுன் நின்று ஐயா வாயைத் திறந்து திறந்து மூடினார். அந்த ஆண்டு தலைவலி குறைந்தது என்றார். உண்மையாகவே குறைந்ததா, குறைய வேண்டும் என்று விரும்பினாரா, எனக்குத் தெரியாது. யாரும் அளந்து பார்க்கவில்லை.

1941 டிசம்பரில், கீழ்வரிசைக்குக் குறித்த நாளுக்கு இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள், முன்பு, ஜப்பானிய விமானங்கள் வந்தன. சனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், குண்டு விழும்வரை. அடுத்த கிழமை வெள்ளைக்காரர்கள் இரவோடிரவாகக் கப்பலேறினார்கள். மேல்வரிசையை எடுத்த பல் மருத்துவரும் அவர்களோடு போனார். ஐயா அவருடைய வாசல்வரை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு ஜப்பானியர் காலம். அதே அலுவலகம், அதே மேசை, புதிய எசமானர்கள். காலையில் ஜப்பான் மொழி வகுப்பு. துறைமுக வாசலில் துப்பாக்கியோடு ஜப்பானியக் காவல்காரன். அவன்முன் நின்று இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு நாளாக நாளாகத் தேயும். ஆகவே கட்டுப்பல் தளரும். பல் மருத்துவர் இருந்திருந்தால் அதைத் திருத்தி இறுக்கியிருப்பார். ஐயா நாக்கால் அதைத் தாங்கிப் பிடித்தே பேசப் பழகினார். ஆனால் குனியும்போது நாக்கால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் காவல்காரன்முன் குனிந்தபோது கட்டுப்பல் கழன்று அவன் காலில் சப்பாத்தின்மேல் விழுந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் ஐயாவை அறைந்தான். பிறகு குனிந்து அதைப் பொறுக்கச் சொன்னான்.

அதன்பின் ஐயா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வாசலுக்குச் சற்று முன்னால் புளியமரத்தடியில் நிற்பார். கட்டுப்பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைப்பார். குனிந்து வணங்கி, உள்ளே போய், பல்லை மாட்டிக்கொள்வார்.

"பல்லில்லாமல் சொன்னால்தான் ஜப்பான் பாஷை சரியா வருது," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரித்தார், பிறகு குசினிக்குள் போய்விட்டார்.

வீட்டில் அந்தக் கட்டுப்பல்லுக்கு நடந்த பணிவிடை பூசைபோல இருக்கும். இரவில் செம்பில் தண்ணீர் வைத்து அதில் போடுவார். காலையில் சிரட்டைக் கரியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுவார். கீழ்ப்பற்களை மட்டும் அவர் தொடவில்லை. தொட்டால் இரத்தம் வந்தது. அதைவிட முக்கியமான காரணம் வேறு. அவை போகப்போகிற பற்கள்.

நான் கேட்டேன். "ஐயா, கீழ்ப்பல்லும் ஒருக்கா விளக்குங்கோவன். மணக்குது."

"வேலையாலை நிப்பாட்டப்போற ஆளுக்கு ஆரும் சம்பளம் கூட்டிக் குடுப்பினமோ, தவம்? பல்லுக்கு ஒரு ஆளைக் கண்டவுடனை பிடுங்கப்போறன்."

இரண்டு ஆண்டுகள் அவர் அவற்றை அப்படியே விட்டார். முன்பற்களின் உட்புறம் பற்காறை படிந்து, சிப்பி ஒட்டிய பாறைபோல இருந்தது. காலையில் தலையணையில் இரத்தக் கறை. கெட்ட இரத்தம்தானே, போகட்டும், தலைபாரம் குறையும் என்றார் அம்மா. ஐயாவும் மறுக்கவில்லை. சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு, உப்பு, காய்ந்த மிளகாய். கிடைத்தால் கருவாடு. ருசி என்று இருந்தது உப்பு ஒன்றுதான். கடல்நீரைக் காய்ச்சி எடுத்த உப்புக்கு அந்தத் தீவில் குறைவில்லை.

1943இல் தலைவலி மறுபடி பிடித்தது. என் தாய்மாமன் கந்தப்பு ஆஸ்பத்திரியில் டிரஸராக, மருத்துவருக்கு உதவியாளராக, இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுத்தமானியை ஒரு பழைய பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஐயாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் இருநூறைத் தாண்டி நின்றது. மாமா இன்னொரு முறை அளந்தார். பாதரசம் அதே இடத்தில் நின்றது.

"அத்தான், நீங்கள் வேலைக்குப் போகக்கூடாது. படுத்து ஓய்வெடுக்க வேணும். உப்பை விடுங்கோ."

"ஓய்வோ? ஆரிட்டைக் கேக்கிறது? வாசல்லை நிக்கிற துவக்குக்காரனிட்டையோ?"

"இப்பிடியே போனால்..." என்றார் மாமா.

"அண்ணையைப் போலை. எனக்குத் தெரியும். கீழ்ப்பல்லு இன்னும் கிடக்குதெல்லோ. அதுதான்."

வேலைக்கு வராதவர்களின் பெயர் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே சாகிறவர்களோடு சேர்க்கப்படும் என்று அலுவலகத்தில் பேச்சு இருந்தது. உண்மையோ பொய்யோ, யாரும் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை. ஐயா முன்பு பதவிக்காக விடுப்பு எடுக்கவில்லை. இப்போது பயத்தால் எடுக்கவில்லை.

அவர் பல் பிடுங்க ஆள் தேடினார். கண்ணாடிப் பெட்டியில் பல்வரிசைகளை அடுக்கிவைத்திருந்த சீனப் பல்காரர் ஒருவர் எங்களுக்குத் தெரிந்தவர். நானும் ஐயாவும் போனோம். கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. அவருடைய மனைவி கதவைப் பாதி திறந்தார்.

"சுடா அம்பில்," என்றார் மலாயில். கொண்டுபோய்விட்டார்கள்.

சீனர்களை வரிசையில் நிறுத்தி, முகமூடி போட்ட ஆள்காட்டி ஒருவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினாலும் ஜப்பானியர் அவரை லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஐயா மன்னிப்புக் கேட்பதுபோல் அந்தப் பெண்ணுக்குக் குனிந்தார். குனிந்தபோது வழக்கத்தால் கை வாய்க்குப் போனது.

ஜப்பானியப் பல் மருத்துவர் ஒருவர் வந்திருந்தார். அவர் அதிகாரிகளுக்கு மட்டும்.

கடைசியில் மிஞ்சியவர் மீரா சாகிப். கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்புறச் சந்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். சுன்னத்தும் அவர்தான் செய்வார். பல்லும் பிடுங்குவார் என்று கேள்வி.

"மயிர் வெட்டுறவனிட்டைப் போய்ப் பல்லைக் குடுக்கிறதோ? எங்கட ஆக்கள் கேட்டால் என்ன சொல்லுவினம்?" என்றார் அம்மா.

"எங்கட ஆக்கள் வந்து பிடுங்கிவிடுவினமோ?"

வீட்டுக்குத் திரும்பும்போது தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அம்மா என்னையும் அனுப்பினார். நான் கடை வாசலில் நின்றேன். உள்ளே பெஞ்சில் நாகூர் மீரான் உட்கார்ந்திருந்தார். போருக்கு முன், சோறும் கறியும் விற்கும் அவருடைய நாசி கண்டார் கடையில் மதியம் இடம் கிடைக்காது.

"வாங்க கிராணியாரே," என்றார் மீரா சாகிப். "முடியா, தாடியா?"

"பல்லு."

"எத்தினி?"

"கீழ் வரிசை முழுக்க."

மீரா சாகிப் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். நாகூர் மீரான் முந்திக்கொண்டார். "எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் நம்ம கடைக்கு எப்படி வருவாக? கஞ்சியில்ல ஊத்தணும்?"

"இப்ப மட்டும் என்னத்தப் போடுறே? கெழங்க அவிச்சு அதும்மேல கறித்தண்ணி. அதுக்குப் பல்லு எதுக்கு லா?" என்றார் மீரா சாகிப்.

"டேய், அந்தக் கறித்தண்ணிக்கு நீ தெனம் வரிசையில நிக்கிறே."

"வேற போக்கிடம் இல்லியே, அதான் நிக்கிறேன்."

ஐயாவும் சிரித்தார். கட்டுப்பல்லைக் கழற்றி என்னிடம் தந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தார்.

"பயப்படாதீங்க கிராணியாரே. சுன்னத்துக்கு வர்ற பொடியனுவளே எங்கிட்ட அழுவமாட்டானுவ. இது வெறும் பல்லுதான."

முதல் இரண்டு முன்பற்களும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன. குறடு பட்டதும் வந்துவிட்டன. மீரா சாகிப் அவற்றைத் தட்டில் போட்டு, "பாத்தீங்களா?" என்று எங்களைப் பார்த்தார். அதற்குள் இரத்தம் ஐயாவின் கழுத்துவரை இறங்கியிருந்தது.

அவர் துணி வைத்தார். துணி நனைந்தது. வேறு துணி வைத்தார். சவரக் காயத்துக்குத் தேய்க்கும் படிகாரக் கட்டியை எடுத்துக் குழியில் வைத்து அழுத்தினார். இரத்தம் படிகாரத்தின்மேல் ஏறி வழிந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

"என்னங்க இது, பைப்பத் தொறந்துவிட்ட மாதிரி வருது?"

அழுத்தம் மிகுந்த உடம்பில், வீங்கிய ஈறில், பல்லைப் பிடுங்கினால் அப்படித்தான் வரும். இன்று எனக்கு அது தெரியும். அன்று அந்தக் கடையில் யாருக்கும் தெரியவில்லை. லுஹர் என்னும் மதியத் தொழுகைக்கு அழைப்பு வந்து, தொழப் போனவர்கள் திரும்பி வந்த பிறகுதான் இரத்தம் நின்றது. மீரா சாகிப் குறடைக் கழுவி வைத்தார்.

"போதும். மத்தது அப்படியே இருக்கட்டும். ஒரு உசுரு என் கையில போவ வேணாம்."

"அடுத்த ஞாயிறு வாறன்," என்றார் ஐயா, துணியைக் கடித்தபடி.

"வராதீங்க."

"வருவன். ரெண்டு ரெண்டா எடுப்பம்."

அந்தக் கிழமை முழுவதும் ஐயா சந்தோஷமாக இருந்தார். அதை எழுதுவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. தலைபாரம் இல்லை என்றார். "இறகு மாதிரி இருக்கு ஞானம்." இரத்தம் நிறையப் போனவருக்குச் சில நாட்கள் அழுத்தம் தாழ்ந்திருக்கும். அவர் அதைத் தன் கணக்கு சரிவந்ததாக எடுத்துக்கொண்டார். இரண்டு பல்லுக்கே இவ்வளவு என்றால், மீதியும் போனால்? அம்மாவும் நம்பினார். நானும் நம்பினேன். மாலையில் ஐயா பேனாக்களைத் துடைத்து வைத்தார். தைப்பிங்குக்குப் போய் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஞாயிறு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் துறைமுக வாசலில் அது நடந்தது. கமாலுதீன் என்ற சரக்குக் கணக்கர் அவருக்குப் பின்னால் நின்றவர். அவர்தான் ஐயாவைக் கைவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். முற்றத்தில் நின்று அம்மாவிடம் சொன்னார்.

"குனிஞ்சாரு தங்கச்சி. நிமிரல. அந்தச் சிப்பாயிக்கே ஒண்ணும் புரியல. ரொம்ப மரியாதையான ஆளுன்னு நெனச்சிட்டான் போல. அப்புறம் சத்தம் போட்டான். துப்பாக்கிக் கட்டையால தட்டுனான். அப்படியே சாஞ்சிட்டாரு."

சட்டைப்பையில் கைக்குட்டை இருந்தது. கைக்குட்டைக்குள் கட்டுப்பல் பத்திரமாக இருந்தது.

மாமா வந்து பார்த்தார். வலது பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. கடைவாய் கீழே இழுத்திருந்தது. ஐயாவின் கண்கள் தெளிவாக இருந்தன. வாயைத் திறந்தார். ஒரே ஓசை வந்தது. தன் காதில் அது விழுந்ததும் அவர் வாயை மூடினார். அண்ணனின் கட்டில் அவருக்கு நினைவு வந்திருக்கும். எங்களுக்கும் வந்தது. அம்மா துவாயை எடுத்து அவர் கடைவாயைத் துடைத்தார். வேறு வழி இல்லை, துடைக்கத்தான் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றும் இல்லை என்று மாமா சொன்னார். வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்.

"தவம், சாப்பாட்டுத் துண்டு வாய்க்குள்ளை தங்கவிடாதை," என்றார் மாமா. "மூச்சுக்குழாய்க்குள்ளை போனால் நியுமோனியா. சாப்பிட்டாப் பிறகு துணியாலை எல்லா இடமும் துடை."

அப்படித்தான் அது தொடங்கியது. மூச்சுக்காகத்தான், பல்லுக்காக அல்ல. கொதித்தாறிய நீரில் துணியை நனைத்து, விரலில் சுற்றி, அவர் வாய்க்குள் விட்டேன். கீழ்ப்பற்களின் ஓரம் பட்டதெல்லாம் இரத்தம். நாற்றம் விரலிலிருந்து போகவில்லை. துணி போகாத இடத்தில் பற்காறை தடுத்தது. அவருடைய பேனா முள் ஒன்றை எடுத்து, கூர்முனையை மழுங்கத் தேய்த்து, கொதிக்கவைத்து, அதன் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டினேன். குருணை குருணையாக உதிர்ந்தது. அவர் தடுக்கவில்லை. தடுக்க இடதுகை மட்டும்தான் இருந்தது.

தினமும் செய்தேன். முதலில் இரத்தம் கூடியது. பிறகு குறைந்தது. பிறகு ஒரு காலை துணி வெள்ளையாகவே வந்தது. கருஞ்சிவப்பாக வீங்கிய ஈறு வடிந்து, வெளிறி, பல்லோடு ஒட்டி இறுகியது. அழுத்திப் பார்த்தேன். சீழ் இல்லை, நாற்றமும் இல்லை. அந்த ஆண்டில் எங்கள் வீட்டில் முன்னைவிட நல்ல நிலைக்கு வந்தது அந்த ஈறு ஒன்றுதான்.

மாமா மறுபடி அழுத்தமானியைக் கொண்டுவந்தார். பாதரசம் முன்னைவிடக் கீழே நின்றது. அதிகம் இல்லை, ஆனால் கீழே.

"பல்லைத் துடைச்சதாலையோ மாமா?"

"படுத்துக் கிடக்கிறார். உப்பில்லாமல் குடுக்கிறம். ஆளும் பாதியாப் போனார். எதாலை எண்டு ஆருக்குப் பிள்ளை தெரியும்?"

அது நேர்மையான பதில். போருக்குப் பிறகு பற்சிகிச்சைத் தாதியாகப் பயிற்சி பெற்று, ஓய்வு பெறும்வரை மற்றவர்களின் ஈறுகளைச் சுத்தம் செய்த நானும் இதைவிட அதிகம் சொல்லமாட்டேன். ஈறு நோய் கடுமையாக உள்ளவர்களிடம் இரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்படுவதை இப்போது பல ஆய்வுகள் சொல்கின்றன. ஈறில் தொடங்கும் அழற்சி ஈறோடு நிற்பதில்லை, இரத்தக் குழாய்களையும் விறைக்கவைக்கலாம். ஈறைக் குணப்படுத்தினால் சிலருக்கு அழுத்தம் சற்று இறங்குகிறது. ஆனால் அது மருந்துக்கு ஈடாகாது. ஐயாவின் மருத்துவர் நோய் இருந்த இடத்தைச் சரியாகத்தான் காட்டினார். வைத்தியம்தான் பிழை. பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. தினமும் துலக்க வேண்டும், காறையைச் சுரண்ட வேண்டும். அதற்குக் குறடும் வேண்டாம், வெள்ளைக்காரனும் வேண்டாம், டிசம்பரும் வேண்டாம். போகப்போகிற பல் என்று ஐயா விட்டுவைத்த வேலையே அதுதான். அதை அப்போதே செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அதுவும் எனக்குத் தெரியாது. உப்பு இருந்தது, பசி இருந்தது, வாசலில் துப்பாக்கியும் இருந்தது.

ஈறு ஆறிய பிறகு ஒரு நாள் ஐயா இடதுகையை உயர்த்தினார். கீழ்ப்பற்களைச் சுட்டினார். விரல்களைக் குறடுபோல் மடக்கி மேலே இழுத்துக் காட்டினார்.

"இல்லை ஐயா. வேண்டாம். இப்ப நல்லாயிருக்கு. பாருங்கோ, இரத்தம் இல்லை." வெள்ளைத் துணியை அவர் கண்முன் பிடித்தேன்.

அவர் துணியைப் பார்க்கவில்லை. மறுபடி இழுத்துக் காட்டினார். மறுபடியும். அந்த ஒரே ஓசை வந்தது. நான் தலையை ஆட்டினேன். அம்மா வந்து, "பிடுங்குவம், பிடுங்குவம், ஆள் வரட்டும்," என்று பொய் சொன்னார். எந்த ஆளும் வரப்போவதில்லை என்று ஐயாவுக்குத் தெரியும். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு வாயைத் திறக்க ஒவ்வொரு முறையும் நான் அவர் தாடையைப் பிடித்துக் கெஞ்ச வேண்டியிருந்தது. தன்னை வீழ்த்தியவற்றை மகளே பாதுகாத்து வைக்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வேறுவிதமாக விளக்க என்னிடம் அப்போது அறிவு இல்லை. கேட்டு ஒப்புக்கொள்ள அவரிடம் பேச்சு இல்லை.

தைப் பொங்கலுக்குப் பிறகு ஒரு விடியற்காலையில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. மாமா வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

வாய்க்கரிசி போட அரிசி வேண்டும். பங்கீட்டு அரிசியில் அம்மா ஒரு பிடியைத் தகரப் பேணிக்குள் வைத்திருந்தார். எதற்கென்று நாங்கள் கேட்டதில்லை. அவர் அதைக் கழுவினார். புழு தின்ற அரிசி, பாதி மிதந்தது.

"தவம், முதல்ல மேற்பல்லைப் போட்டுவிடு. பொக்கை வாயோடை அனுப்பக்கூடாது."

செம்பிலிருந்து கட்டுப்பல்லை எடுத்தேன். தாடையைத் திறந்தேன். அது இப்போது தானாகத் திறந்தது, கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. மேல்வாய் சுருங்கிப்போயிருந்தது. கட்டுப்பல் நிற்கவில்லை, நழுவி நழுவி இறங்கியது. இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். பிறகு கைக்குட்டையில் சுற்றி அவர் சட்டைப்பைக்குள் வைத்தேன். அவர் வைக்கும் அதே பையில்.

மாமா போட்டார். அம்மா போட்டார். பிறகு நான் போட்டேன். அரிசி உதட்டில் ஒட்டியது, சிலது உள்ளே விழுந்தது. கீழ்வரிசையில், மீரா சாகிப் எடுத்த இரண்டு பற்களின் இடைவெளியில், ஓர் அரிசி நின்றது. மற்றப் பற்கள் எல்லாம் அங்கேயே இருந்தன. ஈறு சுத்தமாக இருந்தது.